புன்னைத்தலை உக்சோரியார்

புன்னைத்தலை மிக்கேல் அதிதூதர் கோயில் மணி பேச ஆரம்பித்தது ஒரு புதன்கிழமை காலையில், ஜெசிந்தாளுக்குப் பல்வலி வந்த அன்றைக்கு. அதுவரைக்கும் அந்த மணிக்கு ஒரே ஒரு பேச்சுதான் தெரியும். பூசைக்கும் டாண், சாவுக்கும் டாண், புயல் வருகிறது வள்ளங்களை மேலே ஏற்றுங்கள் என்பதற்கும் டாண். வேளையைப் பார்த்து ஊர்தான் அர்த்தம் பிரித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு மணிக்கயிற்றை யாரும் தொடவில்லை. கயிறு சுவரோரம் ஆணியில் சுற்றி மாட்டியபடி கிடக்க, மேலே மணி தானாக அசைந்து, ஒவ்வோர் எழுத்தாக உருட்டித் திருத்தமாகச் சொன்னது: உக்-சோ-ரி-யஸ். கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர்களும், குழாயடியில் குடம் வைத்திருந்தவர்களும், இட்லிக் கடையில் சட்னிக்குக் காத்திருந்தவர்களும் அதைக் கேட்டார்கள். மணி பேசியதற்காக யாரும் வாயைப் பிளக்கவில்லை. கடலை நம்பிப் பிழைக்கிற ஊரில் எது வேண்டுமானாலும் பேசும். என்ன சொல்லிற்று என்பதுதான் அவர்களுக்குப் பிடிபடவில்லை.

அந்த நேரத்தில் ஜெசிந்தாள் அடுக்களையில் கடைவாய்ப் பல்லுக்கு ஒரு கிராம்பை வைத்துக் கடித்தபடி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசல்படியில் அவள் புருசன் ரெமிஜியுஸ் இடுப்புக்குக் கீழே தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றான். விடியற்காலையில் அண்ணன் கஸ்பாரின் வள்ளத்தில் போனவன், சாளை மீன் கூட்டங்கூட்டமாக ஓடுகிற பருவத்தில், அலை உடைகிற இடத்தையும் தாண்டிப் போன பிறகு, மனசு கேட்காமல் வள்ளத்தைத் திருப்பச் சொல்லி வந்திருந்தான்.

“நான் கெளம்பையில ஒம் மொகம் சுண்டிப்போயி இருந்திச்சு,” என்றான். “ஏன்னு கேக்க மறந்துட்டேன்.”

ஜெசிந்தாள் கிராம்பைத் துப்பினாள். “இதக் கேக்கவா திரும்பி வந்தீரு? சாளை ஓடுத நேரத்துல? பல்லு வலிக்கி, அவ்வளவுதாம். இனி இந்த ஊரு வாயில நான் எப்படி விழுந்து எந்திரிப்பேன்?”

ஏசினாளே ஒழிய, வலியில் பாதி அப்போதே போய்விட்டது. மணி பேசியது அந்த நிமிஷத்தில்தான்.

ரெமிஜியுஸ் ஒரு மாதிரி ஆள். மகளைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்து மருமகன் எடுத்தாயிற்று, தலையில் பாதி வெள்ளையும் ஏறியாயிற்று, இன்னமும் சோற்றுக்கு உட்கார்ந்தால் தன் தட்டைத் தொடுவதற்கு முன்னால் அவள் தட்டில் இருக்கிற மீனுக்கு முள் எடுப்பான். கரையேறிய ஆண்களெல்லாம் மீன் ஏலத்தில் நின்று தொண்டை கிழியக் கத்துகிற வேளையில், இவன் தண்ணீர்க் குடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவோடு போவான். அவளுக்குத் தும்மல் வந்தால் இவன் மூக்கைத் துடைத்துக்கொள்வான். இப்படிப்பட்டவனுக்கு ஊரில் ஒரு பேர் உண்டு, பொண்டாட்டிதாசன் என்று. முகத்துக்கு நேரே சொல்லாமல் முதுகு தெரிகிற தூரம் போனதும் சொல்வார்கள். அது அவர்கள் காட்டுகிற மரியாதை. ஜெசிந்தாளும் அவனை விடாமல் ஏசிக்கொண்டுதான் இருப்பாள். தள்ளிப் போவும், ஊரு சிரிக்கி, என்பாள். ஆனால் அவன் தள்ளிப் போவதற்கு இடம் விட்டு அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. ஊர் சிரிப்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை; அந்தச் சிரிப்பு என்றைக்காவது அவன் காதில் ஏறி, அவன் இதையெல்லாம் நிறுத்திவிடுவானோ என்பதுதான் அவள் பயம். வேறு எந்தப் பயமும், கடல் பயம்கூட, அவளுக்கு இத்தனை கிட்டத்தில் இருந்ததில்லை.

மணி சொன்னதற்கு அர்த்தம் கண்டுபிடித்தவர் கபிரியேல் உபதேசியார். கோயிலைத் திறப்பது, மெழுகுதிரி கொளுத்துவது, மணியடிப்பது, சாமியார் வெளியூர் போன நாளில் செபம் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு; ஆகவே மணி எதைச் சொன்னாலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். மணி மறுநாளும் அதையே சொல்ல, அதற்கு மறுநாளும் சொல்ல, கோயில் முற்றத்தில் கூடி நின்ற ஊரைப் பார்த்து அவர் கையை உயர்த்தினார்.

“அலோசியுஸ் யாரு? புனிதர். பொனிபாசியுஸ் யாரு? புனிதர். இன்னா நிக்கானே ரெமிஜியுஸ், இவன் பேருக்கு ஒடையவரு யாரு? அவரும் புனிதர். இந்த வாலு உள்ள பேரெல்லாம் புனிதர் பேருதான? அப்போ உக்சோரியஸ் யாருங்கேன்?”

“அப்படி ஒரு புனிதர நாங்க கேள்விப்பட்டதே இல்லியே,” என்றான் கஸ்பார்.

“கடல்ல கெடக்க மீனுக்கெல்லாம் நாம பேரு வச்சிட்டமாவே? மோட்சத்துல இருக்கவுகள மட்டும் ஒண்ணு விடாம தெரிஞ்சி வச்சிருக்கமாக்கும்! நமக்குத் தெரியலன்னுதான் அவரே மணியில வந்து பேரு சொல்லுதாரு.”

இதற்கு மேல் என்ன பேசுவது? பெரிய சாமியாருக்குக் காது மந்தம். மணி பேசுகிறது என்று சொன்னால், ஆமாம் பேசட்டும், ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பூசைக்கு வாருங்கள் என்பார். அப்படியாகச் செபஸ்தியார், அந்தோணியார், சந்தியாகப்பர் வரிசையில் உக்சோரியாரும் வந்து சேர்ந்தார். கோயில் பின்கட்டில், யாரென்றே தெரியாமல் மூக்கு உடைந்து கிடந்த ஒரு சுரூபத்தைக் கழுவி, நீல வர்ணம் பூசி, கடற்கரைப் பாதையில் ஒரு சின்னக் குருசடி கட்டி நிறுத்தினார்கள். சுரூபத்தின் வலது கை எதையோ பிடித்திருந்து தவறவிட்ட மாதிரி வெறுமனே நீண்டிருந்தது. புனிதர் கையில் என்ன இருந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாததால், அவரவர் தோன்றியதை வைத்தார்கள். ஒருத்தி மல்லிகைச் சரம் வைத்தாள், ஒருத்தி சீப்பு வைத்தாள், ஒருத்தி கஞ்சிக் கரண்டியை வைத்துவிட்டுப் போனாள்.

மணி அந்தப் பேரைச் சொல்லும்போது என்ன செய்ய வேண்டும் என்பதையும் உபதேசியார்தான் வகுத்தார். கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் நெற்றியில் பெருவிரலால் ஒரு சிலுவை போட வேண்டும். சொல்லும்போது அவர் பெரிதாக எதையும் யோசித்துச் சொல்லவில்லை. ஏதாவது ஒன்று சொல்ல வேண்டுமே என்று சொன்னார். ஆனால் மணி பேசுவது பெரும்பாலும் சோற்று வேளையில், தண்ணீர் வேளையில், வெயில் தாழ்ந்து வீட்டில் ஆள் இருக்கிற வேளையில். ஆகவே புன்னைத்தலையில் கலியாணமான ஆண்கள், கலியாணத்தன்று தாலி கட்டியபோது கிட்டத்தில் பார்த்த முகத்தை, மறுபடியும் அத்தனை கிட்டத்தில் பார்க்கும்படி ஆயிற்று. பார்த்தவர்கள் சிலர் திடுக்கிட்டார்கள். கஸ்பார் தன் மனைவி திரேஸம்மாளின் புருவத்துக்கு மேலே இருக்கிற தழும்பைப் பார்த்து, இது எப்போ பட்டது என்று கேட்க, நம்ம மூத்தவன் பிறந்த வருசம் குழாயடியில் வழுக்கி விழுந்தேன் என்று அவள் சொல்ல, அவன் அன்றைக்கு மணி பேசாமலே இன்னொரு தடவை அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தான். ஒருத்தன் தன் தட்டைத் தானே கழுவினான். ஒருத்தன் குடித்துவிட்டு வந்தவன் வாசலிலேயே நின்று, மணி அடித்துவிடுமோ என்று பயந்து, வந்த வழியே போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தான். பெண்கள் செவ்வாய்க்கிழமை தோறும் உக்சோரியாருக்கு நவநாள் வைத்தார்கள். உக்சோரியார் துணை என்று வள்ளங்களின் மூக்கில் எழுதினார்கள். கிழக்குத் தெருவில் ஓர் ஆண் குழந்தைக்கு உக்சோரியஸ் பர்னாந்து என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளையும் கூப்பிட்டால் சிரித்தது.

ஜெசிந்தாளுக்கு மட்டும் விஷயம் தெரியும். முதலில் சந்தேகமாக இருந்து, பிறகு உறுதியாயிற்று. அவன் முள் எடுக்கையில் மணி பேசியது. வெயிலில் நடந்து வந்தவளின் பாதத்தைப் பிடித்துப் பார்க்கையில் மணி பேசியது. ஒருநாள் அவள் கேட்காமலே டவுன் கடை முறுக்கு வாங்குவதற்காக அவன் பஸ் ஏறிப் போனபோது, பஸ் கிளம்பியதிலிருந்து திரும்பி வரும்வரைக்கும் மணி விட்டுவிட்டுப் பேசியது. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தமோ, எந்தப் பாஷையோ, தன் புருசனைப் பார்த்துத்தான் சொல்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. செவ்வாய்க்கிழமை மற்றப் பெண்களோடு அவளும் குருசடியில் முழங்காலில் நின்று, வீட்டில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருக்கிற தன் புருசனுக்கே மெழுகுதிரி கொளுத்துகிறோமே, இது பாவத்தில் சேருமா என்று யோசித்துக்கொண்டு, சேர்ந்தால் சேரட்டும் என்று கொளுத்தினாள். ஊர் சந்தோசமாக இருந்தது, அவளும் சந்தோசமாக இருந்தாள். அவளுக்கு அது போதும்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் பெரிய சாமியார் மாற்றலாகிப் போய், ஹிலரி சாமியார் வந்தார். நல்ல மனுசர், நன்றாகப் படித்தவர், காது துல்லியமாகக் கேட்கிறவர். வந்த அன்றைக்குப் பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கையில் மணி பேசிற்று. சாமியார் பெட்டியைப் பிடித்தபடியே நின்று கேட்டார், பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். அப்போது ஜெசிந்தாள் கோயில் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் அவள் முறை.

“உபதேசியார், இது புனிதர் பேர் இல்ல. இது இங்கிலீஷ்ல ஓர் உரிச்சொல்,” என்றார் சாமியார்.

“உரிச்ச சொல்லா? எத உரிச்சது சாமி?”

“நீங்க வேற. நல்ல மாப்பிள்ளைன்னு சொல்றோம்ல, அதுல நல்ல மாதிரி. கெட்டிக்காரப் பொண்ணுங்கிறதுல கெட்டிக்கார மாதிரி. லத்தீன்ல உக்சோர்னா மனைவி. கலியாணப் பூசை லத்தீன்ல நடந்த காலத்துல அந்தச் சொல் கோயிலுக்குள்ளேயே மரியாதையா இருந்துச்சு. இங்கிலீஷ்காரன் நானூறு வருசத்துக்கு முன்னால அதை எடுத்துக்கிட்டுப் போய், ஒரு வாலை ஒட்டவச்சு, பொண்டாட்டி மேல அளவுக்கு மீறி ஆசை வச்சிருக்கிறவன், அவ சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுறவன்னு அர்த்தம் பண்ணிட்டான். எல்லார் வாய்லயும் வர்ற சொல் இல்ல, படிச்சவங்க எழுத்துல எப்பவாவது வரும். வந்தாலும் பாராட்டா வராது. உதட்டைச் சுழிச்சுக்கிட்டுத்தான் வரும்.”

உபதேசியார் முகம் கறுத்துவிட்டது. “அப்போ பொண்டாட்டிதாசன்னு சொல்லும்.”

“கோட்டு சூட்டு போட்ட பொண்டாட்டிதாசன்,” என்றார் சாமியார்.

ஜெசிந்தாள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள். கேட்காமல் இருக்க முடியவில்லை. “அளவுக்கு மீறின்னு சொன்னீயளே சாமி, அந்த அளவ யாரு வச்சா?”

சாமியார் அவளைத் திரும்பிப் பார்த்தார். நல்ல கேள்விதான் என்று அவர் முகத்தில் தெரிந்தது. “பாக்கிறவங்கதாம்மா வைக்கிறாங்க,” என்றார்.

அதோடு விட்டிருந்தால் ஊர் ஒரு புனிதரை இழந்ததோடு போயிருக்கும். ஆனால் உபதேசியார் விடவில்லை; வெட்கப்பட்ட மனுசன், யார் மேலாவது அதை இறக்கி வைக்க வேண்டுமே. “நல்லன்னு மட்டும் சொன்னா போதாதுல்லா சாமி, நல்ல மாப்பிளன்னு பொறத்தால ஓர் ஆளு வேணும்லா? அப்போ இந்தச் சொல்லுக்குப் பொறத்தால நிக்கது யாரு?” என்றார். சாமியார், இலக்கணப்படி ஒருத்தர் இருக்கத்தான் வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். இலக்கணம் அத்தனை பொல்லாதது என்று அவருக்கு அப்போது தெரியாது.

ஊர் ஆளைத் தேடிற்று. ரொம்பத் தேட வேண்டியிருக்கவில்லை. “வேற யாரு? சாளை ஓடையில எவன் எம் வள்ளத்தத் திருப்புனானோ அவந்தாம்,” என்றான் கஸ்பார். மத்தியானம் சோற்று வேளையில் ஊரே ரெமிஜியுஸ் வீட்டுக்கு எதிரே, ஏதோ மருந்து அடிக்கிற வண்டியைப் பார்க்க வந்த மாதிரி, தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே ஜெசிந்தாள், எனக்கு இன்றைக்கு மீன் வேண்டாம், நீர் சாப்பிடும் என்று கண்ணைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். “ஏன், மேலுக்குச் சொகமில்லையா?” என்று அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து அவள் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தான். மணி பேசிற்று. வெளியே ஊர் ஓவென்று கத்திற்று.

அதற்குப் பிறகு அவனை ஊர் படுத்திய பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. கரையில் அவன் தலை தெரிந்தால் போதும், வலைக்காரர்கள் எழுந்து கைகூப்பி, மன்றாட்டு மாலை சொல்கிற ராகத்தில், “உக்சோரியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று இழுப்பார்கள். குருசடிக்கு யாரும் போகவில்லை. சுரூபத்தின் கை மறுபடியும் வெறுங்கையாயிற்று. திரேஸம்மாள் குழாயடியில் ஜெசிந்தாளை மறித்து, “ஒம் புருசனுக்கா நான் இத்தன நாளு மெழுகுதிரி கொளுத்துனேன்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அழுதாள். தட்டுக் கழுவினவன் கழுவுவதை விட்டான். கஸ்பாரும் திரேஸம்மாளின் புருவத்தைப் பார்ப்பதை விட்டான். செய்தால் நம்மையும் மணி சொல்லிவிடுமோ என்ற பயம் ஆண்களுக்கு. கடைசியில் கஸ்பார் தம்பியிடம், “ஏல, நீ வள்ளத்துல ஏறுனா பின்னால உள்ளவன் வலைய விட்டுட்டுச் சிரிக்கான். எனக்குத் தொழிலு நடக்கணும். நீ ஆம்பளயா வாரதுன்னா வா, இல்லன்னா வீட்டுல இரு,” என்று சொல்லிவிட்டான்.

அன்றைக்கு ரெமிஜியுஸ் வீட்டுக்கு வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். அவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து அவன் வீட்டுக்குள் நுழைந்து முதலில் பார்த்தது அவள் முகத்தைத் தவிர வேறு எதையும் இல்லை. “ஜெசி, நான் செய்யுததெல்லாம் ஒனக்கும் அவமானமாத்தான் இருக்கா?” என்று கேட்டான்.

இல்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் அதுதான் இருந்தது. ஆனால் அவன் தோள் இறங்கியிருந்த விதத்தை அவள் பார்த்தாள். இந்த மனுசன் என்னால்தானே சிரிப்பாய்ச் சிரிக்கிறான், நான் ஒருத்தி விட்டுக்கொடுத்தால் இவனுக்குக் கடலும் உண்டு, கூட்டாளியும் உண்டு என்று தோன்றியது. உலகத்தில் எதை இழக்கக் கூடாது என்று பயந்துகொண்டிருந்தாளோ, அதைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள்.

“ஆமா,” என்றாள். “எனக்கும் அவமானமாத்தாம் இருக்கு. நிறுத்திப்போடும்.”

“சரி,” என்றான் ரெமிஜியுஸ்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன். மறுநாளே கஸ்பாரோடு கடலுக்குப் போனான், கரையேறியதும் ஏலத்துக்குப் போனான், ஏலம் முடிந்து சீட்டாடுகிற கூட்டத்தில் போய் உட்கார்ந்தான். வீட்டுக்கு வந்தால் தன் தட்டில் இருக்கிற மீனைத் தின்றான். அவள் தும்மினால் திரும்பவில்லை. அவள் குடத்தைத் தூக்க முடியாமல் இரண்டு இடத்தில் இறக்கி வைத்து வருவதை, வேப்ப மரத்தடியில் நின்று, நகத்தால் பட்டையைப் பிய்த்துக்கொண்டே பார்த்துவிட்டு வேறு பக்கம் போனான். கஸ்பார் அவன் முதுகில் தட்டி, இப்பத்தாம்ல நீ எந்தம்பி என்றான்.

ஊர் மூச்சு விடப்போன சமயத்தில் மணி முன்னைவிட வேகமாகப் பேச ஆரம்பித்தது. அவன் சீட்டைக் குலுக்கினான், மணி பேசிற்று. தட்டைப் பார்த்துக் குனிந்தான், மணி பேசிற்று. அவளைக் கடந்து போனான், கடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு போனான், மணி பேசிற்று. வேப்ப மரத்தடியில் நின்றபோது நிற்கிற வரைக்கும் பேசிற்று. காலையில் பேசிற்று, உச்சியில் பேசிற்று, விளக்கு வைக்கிற வேளையிலும் பேசிற்று. ஓய்வில்லாமல் உக்-சோ-ரி-யஸ், உக்-சோ-ரி-யஸ் என்று, கரையை விடாமல் அறைகிற அலையைப் போல அறைந்துகொண்டே இருந்தது. பூசையில் சாமியார் குரல் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு கேட்கவில்லை. மேலத் தெருவில் ஒரு கிழவர் இறந்து, அவருக்குத் துக்கமணி அடிக்கப் போன உபதேசியார், கயிற்றை இழுக்க இழுக்க மணி தன் பாட்டுக்கு அதையே சொல்ல, கையைப் பிசைந்துகொண்டு திரும்பி வந்தார். அந்தக் கிழவர் வாழ்நாளில் பெண்டாட்டியை ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொன்னவரில்லை.

ஊருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன்தான் ஆம்பளையாகிவிட்டானே, இன்னும் ஏன் அடிக்கிறது என்றார்கள். ஜெசிந்தாளுக்கு விளங்கிற்று. அடுப்படியில் தனியாக உட்கார்ந்து மீனுக்குத் தானே முள் எடுத்துக்கொண்டிருந்தபோது, முள் விரலில் குத்த, அப்போது மணி அடிக்க, அவளுக்கு விளங்கிற்று. தொடாதே என்று அவள் சொன்னாள், அவள் சொன்னதற்காக அவன் தொடாமல் இருக்கிறான். பார்க்காதே என்றாள், அவளுக்காகப் பார்க்காமல் இருக்கிறான். முன்னே அவளுக்கு ஆசையாகக் கொடுத்ததெல்லாம் அவனுக்குச் சுலபமாக வந்தது. இப்போது கொடுக்கிறானே, இதுதான் அவன் சதையை அறுத்துக் கொடுப்பது. அந்த மணி பொய் சொல்லத் தெரியாத மணி. அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இருவரும் ஒருவருக்கொருவர் நல்லது செய்கிறோம் என்று வீட்டைச் சுடுகாடாக்கி வைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊர்க்கூட்டம் போட்டு, மணியை இறக்கிவிடுவது என்று முடிவானது. இறக்கி, நாக்கைக் கழற்றிக் கோயில் பின்கட்டில் போட்டுவிட வேண்டும். சாமியார் வேண்டாம் என்றுதான் சொன்னார், யார் காதிலும் விழவில்லை. கோபுரத்தில் ஏணி சாத்தினார்கள், வடம் கொண்டுவந்தார்கள், வடத்தைப் பிடிக்க கஸ்பாரும் வலைக்காரர்களும் வரிசையாக நின்றார்கள். மேலே ஏறி வடத்தைக் கட்டுவதற்கு ஆள் கேட்டபோது ரெமிஜியுஸ் முன்னால் வந்தான்.

“நானே ஏறுதேன். இந்தச் சத்தத்துல ஜெசிக்குத் தல வலிக்கி,” என்றான்.

அவன் ஏணியில் ஒவ்வொரு படியாக ஏற ஏற மணி வெறி வந்தது போல ஆடிற்று. கோபுரத்துப் புறாக்கள் மொத்தமும் எழுந்தன. சுண்ணாம்பு பெயர்ந்து கீழே நின்றவர்கள் தலையில் கொட்டியது. காதைப் பொத்திக்கொண்டு நின்ற கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு ஜெசிந்தாள் ஏணிக்கு அடியில் வந்து நின்றாள்.

“இறங்கும்!” என்று கத்தினாள்.

“நீதான சொன்ன?” என்று மேலேயிருந்து அவன் கேட்டான்.

“நான் பொய் சொன்னேன்! எனக்கு ஒரு அவமானமும் இல்ல. ஒம்ம ஊரு சிரிக்கத நான் பாக்கமாட்டாமச் சொன்னேன். நீரு முள்ளெடுத்தா எனக்குப் பிடிக்கும். நீரு கொடம் தூக்குனா எனக்குப் பிடிக்கும். சாளையப் போட்டுட்டு வந்து என்னத்துக்கு மொகம் சுண்டியிருக்குன்னு கேட்டீரே, அத நெனச்சி நெனச்சி நான் சிரிச்சிக்கிட்டுக் கெடந்தேன். நீரு எம்மேல வச்சிருக்கது அதிகமுன்னு யாரு சொன்னா? எனக்குக் காணல. எனக்கு இன்னும் வேணும். நீரு இல்லன்னா எனக்குச் சோறு இறங்காது, ஒறக்கம் வராது, எனக்கு இந்த ஊரே வேண்டாம். கேட்டீரா? இறங்கி வாரும்!”

புன்னைத்தலையில் ஒரு பெண்பிள்ளை, கல்யாணமான மகள் இருக்கிறவள், கோயில் முற்றத்தில், பூசை முடிந்த கையோடு, ஊர் கேட்க இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. மணி நின்றுவிட்டது. ரெமிஜியுஸ் ஏணியில் இறங்கினான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லாரும் அண்ணாந்து மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கே இத்தனை சொன்ன மணி, இவளுக்கு என்ன சொல்லப்போகிறதோ என்று, வடத்தைப் பிடித்தவர்கள் பிடித்தபடி, காதைப் பொத்தியவர்கள் கையை எடுத்துவிட்டு நின்றார்கள். புறாக்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. மணி ஒன்றும் சொல்லவில்லை.

“என்ன சாமி, பேசாம இருக்கு?” என்றார் கபிரியேல் உபதேசியார். “புருசன் மேல அளவுக்கு மீறி ஆச வச்ச பொம்பளைக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்லுவாவ?”

ஹிலரி சாமியார் படித்ததையெல்லாம் மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். “யாரோ ஒருத்தர் எப்பவோ ஒண்ணு உண்டாக்கிப் பாத்தாரு, அதை யாரும் எடுத்துக்கல. வழக்கத்துல ஒரு சொல்லும் இல்ல,” என்றார்.

“ஏன் சாமி?”

“பொம்பள எவ்வளவு வச்சாலும் அதை யாரும் அதிகம்னு நினைச்சதே இல்ல போல,” என்றார் சாமியார், மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி.

கஸ்பார் வடத்தைக் கீழே போட்டுவிட்டு, திரேஸம்மாள் எங்கே நிற்கிறாள் என்று கூட்டத்தில் தேடினான்.

ஜெசிந்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புருசன் கையைப் பிடித்தாள். கை முழுக்கச் சுண்ணாம்பும் வடத்துப் பிசிறுமாக இருந்தது. அவனை இழுத்துக்கொண்டு, வழிவிட்ட கூட்டத்தின் நடுவே, கோயில் முற்றத்தைத் தாண்டி, ஏலக் கொட்டகையைத் தாண்டி, பெரிய தெருவில் வெயிலோடு நடந்தாள். அவனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. கையை மெல்ல உருவப் பார்த்தான்.

“விடு ஜெசி, எல்லாரும் பாக்காவ.”

“பாக்கட்டும்,” என்றாள் ஜெசிந்தாள், கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. “எனக்குத்தாம் வார்த்தையே கெடையாதாமே.”